பிறர் விடைத்தாள்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பரிலும் ஏப்ரலிலும் சென்னைக் கல்லூரி மாணவர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரே மாதிரியான செய்திகள் வர ஆரம்பிக்கும். ‘நாளை காலை 10 மணி. பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு, தமிழ்வழி. ஸ்கிரைப் தேவை. தமிழ் வேகமாக எழுதத் தெரிந்தால் போதும்.’ கீழே ஒரு கைபேசி எண் இருக்கும். அனுப்பியவர் பெரும்பாலும் பார்வையற்ற மாணவராக இருப்பார். இல்லையென்றால், அவருக்காக இரவு பதினொரு மணிக்கும் ஆள் தேடிக்கொண்டிருக்கும் அவருடைய சீனியராக இருப்பார். அரசு ஆவணங்களில் இந்த வேலைக்குச் ‘சொல்வதை எழுதுபவர்’ என்று பெயர். பேச்சில் எல்லோருக்கும் ஸ்கிரைப்தான்.

கல்லூரி மாணவர்களின் சமூகப் பணி என்று பேச்செடுத்தால் மரக்கன்று நடுவது, ரத்ததானம், குளம் தூர்வாருவது, வெள்ளத்தில் சோற்றுப் பொட்டலம் கட்டுவது என்று பட்டியல் நீளும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிய பிள்ளைகளை இந்த நகரம் மறக்கக்கூடாது. ஆனால் என் மனதில் பல ஆண்டுகளாக நிற்பவர்கள், ஒரே நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்து இன்னொருவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடும் மாணவர்கள்தான். தொண்டின் இலக்கணம் முழுவதும் அந்த அறைக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

அறை என்றுகூடச் சொல்ல முடியாது. பேச்சுச் சத்தம் மற்றவர்களுக்கு இடைஞ்சலாகும் என்று இவர்களைத் தனியாக உட்கார வைப்பார்கள். துறை நூலகத்தின் ஒரு மூலை, ஆய்வகத்தை ஒட்டிய சின்ன அறை, சில நாள் தாழ்வாரத்தில் இழுத்துப் போட்ட ஒரு மேசை. வினாத்தாள் வந்ததும் ஸ்கிரைப் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பார். தேர்வெழுதுபவர் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்பார். எதை விடுவது, எதை முதலில் எடுப்பது என்று உள்ளுக்குள் கணக்கு ஓடும். ‘பதினாறு ஆ-வை இன்னொரு தடவை படிங்க அண்ணா’ என்பார். பிறகு ஆரம்பிக்கும். கண்ணால் பார்த்து எழுதுகிறவர்கள் ஒரு நொடி தாளை ஓட்டிப் பார்த்தால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். இவருக்கோ சொல்லி முடித்த பத்தி தலைக்குள்தான் இருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டேதான் அடுத்ததை யோசிக்க வேண்டும். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னால் அதற்கும் நேரம் போகும். அதனால்தான் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று மத்திய அரசு 2018இல் வெளியிட்ட நெறிமுறை சொன்னது. மூன்று மணி நேரத் தேர்வு இவர்களுக்கு நான்கு மணி நேரம்.

நான் கண்காணிப்புப் பணியில் இருந்த ஒரு நாள் வரலாற்றுத் தேர்வு. வேலூர்ப் புரட்சி பற்றி ஒரு கேள்வி. சொல்லிக்கொண்டு வந்தவர் ஆண்டை 1809 என்றார். எழுதிக்கொண்டிருந்த பெண் வேறு துறை மாணவி, ஆனால் வேலூர்க்காரி. கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தது 1806 ஜூலையில் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாலபாடம். பேனா ஒரு கணம் நின்றது. அப்புறம் 1809 என்றே எழுதினாள். முகத்தில் ஒரு தவிப்பு தெரிந்தது. குரலில் எதையும் காட்டவில்லை. ‘ம், அடுத்தது சொல்லுங்க’ என்றாள்.

தேர்வு முடிந்து தாழ்வாரத்துக்கு வந்த பிறகுதான் சொன்னாள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். ‘நல்லவேளை அப்படியே எழுதினீங்க. போன செமஸ்டர்ல ஒருத்தர் நான் கேக்காமலே திருத்தி எழுதிட்டார். அந்தப் பேப்பர்ல வந்த மார்க் என்னோடதா, அவரோடதான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல.’

திருத்தி எழுதியவர் கெட்டவர் இல்லை. பாவம், பார்வை இல்லாத பையன், நமக்குத் தெரிந்ததைச் சேர்த்துவிட்டால் நாலு மதிப்பெண் கிடைக்கட்டுமே என்று நினைத்திருப்பார். அந்த ‘பாவம்’தான் எனக்கு உறுத்துகிறது. தேர்வு விதி இதைத் தடுக்கிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். விதியே இல்லாவிட்டாலும், கையைக் கொடுக்க வந்த இடத்தில் தன் மூளையையும் சேர்த்துத் திணிக்கும்போது எதிரில் இருப்பவர் தேர்வெழுதியவர் என்ற இடத்திலிருந்து இறங்கிவிடுகிறார். நாலு மதிப்பெண்ணைக் கொடுத்து அந்த விடைத்தாளையே அவரிடமிருந்து எடுத்துக்கொண்டாயிற்று. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இருபது வயதில் கடினமான காரியம். அதைப் பழகிய ஒரு பெண்ணை அன்றைக்குப் பார்த்தேன்.

எழுத்துப்பிழை விஷயம் இதைவிட நுட்பமானது. தமிழ் இலக்கியம் படிக்கும் பார்வையற்ற மாணவருக்கு ஸ்கிரைப்பாக வருபவர் பெரும்பாலும் பொறியியலோ வணிகவியலோ படிக்கிறவர்; ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழி. சொல்பவர் நடுநடுவே ‘மூணு சுழி ண’, ‘பெரிய ற’, ‘சிறப்பு ழ’ என்று போட்டுக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். பிரெய்லில் படித்து வளர்ந்தவர்களால் அது முடிகிறது. விரலால் தடவித் தடவி ஒவ்வொரு எழுத்தும் அவர்களுக்குள் இறங்கியிருக்கிறது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் 1951இலிருந்து இருக்கிறது. ஆறு புள்ளிகளுக்குள் நம் ணகரமும் னகரமும் தனித்தனியாகவே நிற்கின்றன. ஆனால் ஒலிப்பதிவை மட்டுமே கேட்டுப் படித்து வரும் இன்றைய பிள்ளைகளில் பலருக்குச் சொல்லின் ஓசை தெரியும், எழுத்து தெரியாது. சொல்பவருக்கும் தெரியாமல், எழுதுபவருக்கும் தெரியாமல், ஒரு சொல் தாளில் தவறாகவே போய் உட்காரும். திருத்துகிற ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைப்பார். அது யார் பிழை? ஒலிப்பதிவு செய்து கொடுத்த நல்ல மனங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிரெய்ல் புத்தகம் அச்சிடுவது செலவு, ஒலிப்பதிவு சுலபம் என்று நமக்கு வசதியானதை அவர்களுக்கு நாமே தேர்ந்தெடுத்ததன் விலை இது.

இந்த வேலையில் இன்னொன்றும் இருக்கிறது: வராமல் போவது. மரக்கன்று நடுகிற நாளில் ஒரு மாணவர் தூங்கிவிட்டால் கன்று அடுத்த வாரம் நடப்படும். ஸ்கிரைப் வராவிட்டால் ஒரு அரியர். ஒன்பதே முக்கால் மணிக்குக் கல்லூரி வாசலில் நின்று, எடுக்கப்படாத எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருக்கும் மாணவரை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் படித்த படிப்பு முழுதும் தலைக்குள் தயாராக இருக்கிறது; அதைத் தாளில் இறக்க ஒரு கை இல்லை. உதவ வந்தவருக்கு அது ஒரு காலைப்பொழுது, இவருக்கு அரை ஆண்டு. மனமிருந்தால் வருவேன் என்கிற தொண்டு இந்த வாசலில் செல்லாது.

இவ்வளவு முக்கியமான ஒன்றைத் தொண்டர்களின் தயவில் விட்டதே தவறில்லையா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுள்ள விகாஷ் குமார் என்பவர் குடிமைப் பணித் தேர்வுக்கு ஸ்கிரைப் கேட்டுத் தொடுத்த வழக்கில், நியாயமான வசதி செய்து தருவது உரிமையின் பகுதி என்று 2021இல் உச்ச நீதிமன்றம் விரிவாகவே சொன்னது. உரிமை என்றான பிறகு ஆளைத் தேடும் சுமை தேர்வெழுதுபவர் தலையில் ஏன் இருக்க வேண்டும்? தமிழ்நாட்டில் பள்ளிப் பொதுத்தேர்வுகளுக்குத் தேர்வுத்துறையே ஆசிரியர்களை ஸ்கிரைப்பாக நியமிக்கிறது. கல்லூரிக்கு வந்ததும் அதே பிள்ளை இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்ஆப்பில் நிற்கிறது. மாணவர்களின் நல்ல மனம் நிர்வாகங்களின் மெத்தனத்துக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படக்கூடாது. ஆனால் நாளைக் காலை தேர்வு இருக்கிறதே. அதற்குள் நிர்வாகம் திருந்தாது. யாராவது போய் எழுதித்தான் ஆக வேண்டும்.

மாணவர் தொண்டுக்கென்றே அரசு வைத்திருக்கும் நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், மத்தியக் கல்வி அமைச்சராக இருந்த வி.கே.ஆர்.வி. ராவ் தொடங்கிவைத்தது. முதலில் 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். அதற்கு முன்பே பத்திருபது ஆண்டுகள் விவாதம் நடந்தது. எல்லா மாணவரும் கட்டாயம் தேசப் பணி செய்ய வேண்டும் என்று சி.டி. தேஷ்முக் குழு பரிந்துரைத்தது; பல நாடுகளின் அனுபவத்தைப் பார்த்துவந்த கே.ஜி. சையிதைன், விருப்பத்தின்பேரில் இருப்பதே சரி என்றார். விருப்பமே வென்றது. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240, தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் முகாம், முடிவில் சான்றிதழ். எத்தனையோ பிள்ளைகள் வாழ்க்கையில் முதன்முதலாக இன்னொரு ஊரின் திண்ணையில் படுத்துத் தூங்கியது இந்த முகாம்களில்தான். அந்த அளவில் இத்திட்டத்தின் மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. என் வருத்தம் மணிக்கணக்கைப் பற்றியது. மணியை எண்ணத் தொடங்கியதும் வேலையை யார் சொல்லிச் செய்தோம் என்ற கேள்வி பதிவேட்டில் இடமில்லாமல் போய்விடுகிறது.

சீமைக் கருவேலத்தை எடுத்துக்கொள்வோம். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவுகளை ஒட்டி அதை வெட்டுவது ஓர் எழுச்சியாகவே நடந்தது. கல்லூரிகள் மாணவர்களைப் பேருந்து பேருந்தாக அழைத்துப் போயின. அந்த மரத்தால் நிலத்துக்கு வந்த கேடு உண்மைதான், நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுத்தான் எத்தனையோ குடும்பங்கள் அடுப்பெரித்தன. விறகு, வேலி, கரி எல்லாம் அதுதான். கையில் அரிவாளோடு இறங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் மூட்டம் போடுகிறவரிடம் போய், ‘அய்யா, இதை எடுத்துவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டார்கள்? கேட்டிருந்தால் எதை வெட்டுவது, எதை விடுவது, எந்தக் கண்மாயில் தொடங்குவது என்று அவர் சொல்லியிருப்பார். மரத்தைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. வேலூர்க்காரப் பெண் அடக்கிக்கொண்ட பேனாவை நாங்கள் அந்தக் கண்மாய்க்கரையில் அடக்கிக்கொள்ளவில்லை.

புதுக்கோட்டையில் வேறு மாதிரி நடந்தது. 1991இல் அங்கே எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். ஊர் ஊராகப் படித்த இளைஞர்களும் பெண்களும் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். இரவு அரிக்கேன் விளக்கில் வகுப்பு. பெண் தொண்டர்கள் ஊர்விட்டு ஊர் போய்வரச் சைக்கிள் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு யோசனை வந்தது. அதைக் கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். தண்ணீருக்குப் போக, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக, பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கு அழுத்த, யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்ப. பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர்களுக்கு ‘அ’ கற்றுத்தர வந்த இயக்கம் அந்த இடத்தில் முரண்டு பிடிக்கவில்லை. பாடத்திட்டத்தில் இது இல்லையே என்று சொல்லாமல் சைக்கிளுக்குக் கடன் கிடைக்க வழி பார்த்தது, பயிற்சி முகாம் போட்டது. தொண்டர் எழுத வந்தார். சொன்னது அந்தப் பெண்கள். முப்பது ஆண்டு கழித்தும் அந்த மாவட்டத்தில் வயதான பெண்கள் அறிவொளி என்றதும் முதலில் சைக்கிளைத்தான் சொல்கிறார்கள்.

படித்து முடித்துப் போனவர்கள் கதைக்கு வருகிறேன். முன்னாள் மாணவர்கள் என்றால் நம் ஊரில் சந்திப்பு விழா, குழுப் புகைப்படம், பழைய வகுப்பறைக்கு ஒரு மின்விசிறி. அண்மைக் காலத்தில் இது பெரிதாகவே வளர்ந்திருக்கிறது. 2022 டிசம்பரில் தமிழக அரசு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தைத் தொடங்கி, படித்த பள்ளிக்குக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி செய்தது. நல்ல காரியம். கொடுக்கிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு: தலைமையாசிரியரிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் ஒன்பதாம் வகுப்புப் பெண்களிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மூவரும் கழிவறைக்குத் தண்ணீர் என்று சொல்கிற இடத்தில் கணினித் திரை வந்து இறங்கக்கூடாது.

ஸ்கிரைப்பாக இருந்தவர்கள் பட்டம் வாங்கிய பிறகு என்ன ஆகிறார்கள்? தேர்வுகள் வார நாளில், காலை பத்து மணிக்கு. வேலைக்குப் போகிறவர் விடுப்புப் போட்டால்தான் வர முடியும். அதற்கும் தயாராக இருக்கிற என் பழைய மாணவர்களை எனக்குத் தெரியும். ஆனால் தேர்வெழுதுபவரைவிட ஒரு படி குறைந்த படிப்பு உள்ளவரே ஸ்கிரைப்பாக வர வேண்டும் என்று 2018 நெறிமுறை வைத்தது. முறைகேட்டைத் தடுக்க அது தேவையாகவும் இருந்திருக்கலாம். விளைவு என்னவென்றால், படிக்கப் படிக்க எழுதிக்கொடுக்கும் தகுதி போய்விடுகிறது. முதுகலை முடித்த ஒருவர் தான் நாலு ஆண்டு அன்போடு செய்த வேலைக்கு வெளியே நிற்கிறார்.

அவர்களுக்கான இடத்தைப் பார்வையற்றவர்களே காட்டினார்கள். பார்வையற்ற கல்லூரி மாணவர்கள் மற்றும் பட்டதாரிகள் சங்கம் என்று ஒன்று சென்னையில் இருக்கிறது. மாணவர், பட்டதாரி இருவரையும் ஒரே பெயருக்குள் வைத்திருக்கும் அமைப்பு. வேலைவாய்ப்புக்காகத் தெருவில் இறங்கிப் போராடியவர்கள் இவர்கள். அரசுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தமிழும் வரலாறும் நடத்திக்கொண்டிருக்கும் பார்வையற்ற ஆசிரியர்கள் பலர், மாதச் சம்பளம் வர ஆரம்பித்ததும் ஒதுங்கிவிடுவதில்லை. முதலாண்டுப் பையனுக்கு விடுதி, வாசிப்பாளர், எந்தக் கல்லூரியில் யார் ஒத்துழைப்பார், எந்தத் தாளுக்கு எந்த ஒலிப்பதிவு நம்பத்தக்கது என்று எல்லாம் அவர்கள் வழியாகத்தான் போகிறது. முன்னாள் மாணவர் என்ற சொல்லுக்கு நான் கண்ட முழுமையான உதாரணம் இவர்கள்தான். உதவி பெறுகிறவர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஆள் பத்து பேருக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்றைக்கு அவர்கள் கேட்பது வாசிக்கத்தக்க புத்தகம். என்விடிஏ என்கிற திரைவாசிப்பான் மென்பொருள் இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, இன்னொரு பார்வையற்ற நண்பரோடு சேர்ந்து வளர்த்தது. தமிழையும் அது வாசிக்கும், ஒருங்குறியில் இருந்தால். ஆனால் நம்முடைய பாடக்குறிப்புகளும் பழைய கோப்புகளும் பாமினியிலும் வானவில்லிலும் கிடக்கின்றன. திரைவாசிப்பானுக்கு அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். அஞ்சல்வழிப் பாடநூல்களோ வெறும் பக்கப் படங்கள். அவற்றை எழுத்துணரி மென்பொருளில் போட்டு எடுத்தால் ‘ண’வும் ‘ன’வும் மாறி, புள்ளிகள் விழுந்து, பத்திகள் கலைந்து வரும். யாராவது உட்கார்ந்து வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். இதற்கு விடுப்பு வேண்டாம், படிப்பு கூடினால் தடையில்லை. எழுத்துப்பிழைச் சிக்கலுக்கும் இதில் ஒரு தீர்வு இருக்கிறது: ஒருங்குறிக் கோப்பை எழுத்து எழுத்தாகவும் கேட்கலாம், பிரெய்ல் கருவியில் தடவியும் படிக்கலாம். இப்படிப் படித்துத் தமிழில் தட்டச்சும் பழகிவிட்ட ஒருவர் நாளைக்குத் தன் தேர்வைத் தானே கணினியில் எழுதிவிடலாம். ஸ்கிரைப் வேலையே இல்லாமல் போகும் அந்த நாளுக்காகத்தான் பழைய ஸ்கிரைப்கள் உழைக்க வேண்டும் என்பது என் ஆசை.

என் பழைய மாணவர்கள் சிலர் இப்போது இரவுகளில் இதைச் செய்கிறார்கள். சங்க இலக்கிய ஆய்வு நூல் ஒன்றைத் திருத்திப் பார்வையற்ற பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பினார்கள். அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று அடிக்குறிப்புகளை எல்லாம் நீக்கி, படிக்க ஓட்டமாக இருக்கும்படி செய்திருந்தார்கள். மறுநாள் அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. ‘ரொம்ப நன்றிப்பா, நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா அடிக்குறிப்பை எல்லாம் திரும்பச் சேர்த்துடுங்க. பக்க எண்ணும் வேணும், நான் மேற்கோள் காட்டணும் இல்லையா? எதைப் படிக்கணும், எதைத் தாண்டணும்னு நான் பாத்துக்கிறேன்.’ அந்த வார இறுதி முழுக்க உட்கார்ந்து அடிக்குறிப்புகளைச் சேர்த்தார்கள்.